டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை: முழுப் பலன் பெற

டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டை ஒரே பரிசோதனையால் உறுதிசெய்வதில்லை. அறிகுறிகள் இருப்பதோடு, வெவ்வேறு இரு நாட்களில் காலை வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்திலும் அதன் அளவு குறைந்திருக்க வேண்டும்.

குழந்தைப் பேற்றை விரும்புவோர் அதனை முதலிலேயே மருத்துவரிடம் கூறுக. வெளியிலிருந்து செலுத்தப்படும் ஹார்மோன் விந்தணு உற்பத்தியை ஒடுக்கிவிடும். அத்தகையோருக்கு வேறு மருந்துகள் உண்டு.

பாலுணர்வு சில வாரங்களில் மேம்படலாம். எலும்பு வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். எனவே மருந்தின் அளவைத் தாமாகக் கூட்டலாகாது. ஜெல் பூசுவோர் கைகளைக் கழுவி, பூசிய இடத்தை ஆடையால் மூடுக. பெண்கள், குழந்தைகள் மீது அது படலாகாது.

சிகிச்சை தொடங்கிய 3 முதல் 6 மாதங்களுக்குள் இரத்தப் பரிசோதனை அவசியம். ஹீமட்டோக்ரிட் 54 விழுக்காட்டைக் கடந்தால் சிகிச்சை நிறுத்திவைக்கப்படும். உறக்கத்தில் மூச்சு தடைபடுவதை உடனிருப்போரே முதலில் அறிவர். அதனை மருத்துவரிடம் தவறாது தெரிவியுங்கள்.