உங்களுக்குத் தெரியுமா? காகித உறைக்குள் காத்திருக்கும் பாசி!

வெப்பமண்டலக் கருங்கல் குன்றுகளில் மழைநீர் வழியும் தடமெல்லாம் மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும். பலர் நினைப்பதுபோல் அது அழுக்கல்ல. ஸ்கைட்டோனீமா, ஸ்டைகோனீமா போன்ற நீலப்பச்சைப் பாசிகள்! இழைகளின் உறையில் உள்ள ஸ்கைட்டோனெமின் என்ற நிறமி, சுடுவெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிடுகிறது.

இவற்றைச் சுரண்டியெடுத்து, உலர்த்தி, இடமும் நாளும் எழுதிய காகித உறையிலிட்டு, உலர்தாவரக் காப்பகமான ஹெர்பேரியத்தில் வைப்பார்கள். பல்லாண்டு கழித்தும் ஒரு துளி நீர் விட்டால் இழைகள் உப்பிவிடும். நுண்ணோக்கியில் இனம் காணலாம்.

இவற்றின் உறவான நாஸ்டாக் கம்யூன் செய்ததோ பெரும் விந்தை. ஹெர்பேரியத்தில் 87 ஆண்டுகள் காய்ந்து கிடந்த அதன் மாதிரியை அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் லிப்மன் மீண்டும் வளரவைத்தார். அந்த ஆய்வு 1941இல் வெளியானது.