டிவி டான்ஸ் ஷோவில் ஜெயிச்சாதான் சினிமாவா? சாய் பல்லவி வந்த வழி சொல்வது என்ன?

ஆலங்குளம்னு சொன்னதும் பலருக்குத் தென்காசி பக்கம் உள்ள ஊர்தான் ஞாபகம் வரும். விருதுநகர் மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், அரசு சிமென்ட் ஆலை உள்ள ஊர். இந்த மாதிரி ஊர்களில் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பொண்ணு நல்லா ஆடிட்டா போதும், "டிவியில சேர்த்துவிட வேண்டியதுதானே?" என்று அக்கம்பக்கத்தில் ஆரம்பித்துவிடுவார்கள். பெற்றோருக்கோ ஒரே குழப்பம்: வாய்ப்பா, படிப்பா?

இந்தக் கேள்விக்கு நம்ம கண்ணெதிரே இருக்கும் உதாரணம், சாய் பல்லவி.

*ஷோவில் ஜெயித்தாரா?*

இல்லை. கோத்தகிரியில் பிறந்து கோவையில் வளர்ந்த அவர், 2008-ல் விஜய் டிவியின் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா?' நிகழ்ச்சியில் ஆடினார். அப்போது வயது 16. பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்து தெலுங்கில் ஈடிவியின் 'தீ' நிகழ்ச்சியிலும் ஆடினார்.

*உடனே சினிமாவா?*

அதுவும் இல்லை. மருத்துவம் படிக்க ஜார்ஜியா நாட்டின் திபிலிசிக்குப் போனார். படிக்கும்போதே 'பிரேமம்' (2015) வாய்ப்பு வந்தது. மலர் டீச்சராக நடித்துவிட்டு மறுபடியும் வகுப்புக்குத் திரும்பினார். 2016-ல் படிப்பை முடித்தார். டிவி மேடைக்கும் 'பிரேமம்' படத்துக்கும் நடுவே ஏழு வருஷம்!

*ஆடத் தெரிந்தது உதவியதா?*

நிச்சயமாக. 'மாரி 2' (2018) படத்தின் 'ரவுடி பேபி' பாட்டுக்கு நடனம் அமைத்தவர் பிரபுதேவாவேதான். யார் பெயரில் நடந்த போட்டியில் பட்டத்தைத் தவறவிட்டாரோ, பத்து வருஷம் கழித்து அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை ஆடினார். யூடியூபில் அந்தப் பாட்டு 100 கோடி பார்வைகளைத் தாண்டியது. ஆனால் 'கார்கி' (2022), 'அமரன்' (2024) படங்களில் அவரைத் தாங்கி நின்றது ஆட்டம் இல்லை, நடிப்பு.

*சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?*

14 வயதுக்கு உட்பட்டவர் என்றால், 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் பொருந்தும்.

• படப்பிடிப்பு நடக்கும் மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்க வேண்டும்.

• ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது.

• தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

• பள்ளிப் படிப்பு நிற்கக் கூடாது.

• வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும்.

*சரி, சேர்த்துவிடலாமா?*

ஆசை இருந்தால் தாராளமாக ஆடட்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். ஷோ சில மாசத்தில் முடிந்துவிடும். தோற்று வந்தாலும் உட்கார வகுப்பறையில் ஓர் இடம் இருக்கணும். சாய் பல்லவிக்கு அது இருந்தது.