திரைப்படக் கல்வியும் கடன் கணக்கும்



திண்டுக்கல்லை அடுத்த அகரம் என் ஊர். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், மேற்படிப்பைப் பற்றி யோசனை கேட்க ஊர்ப்பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருவது இன்னும் நிற்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு பெண் தன் தந்தையுடன் வந்தாள். தந்தையும் என்னிடம் படித்தவர்தாம். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தில் பூவும் முருங்கையும் பயிரிடுகிறவர். “ஐயா, இவள் சினிமாப் படிப்புத்தான் படிப்பேன் என்கிறாள். தோட்டத்தை ஈடு வைத்தாவது படிக்க வைத்துவிடலாமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் இதே ஆசையோடு ஒரு மாணவன் என்னிடம் வந்தான். நன்றாக வரைவான், நாடகம் எழுதுவான். “போய்ப் படி, தம்பி. திறமை உள்ளவன் தோற்பதில்லை” என்று முதுகில் தட்டி அனுப்பினேன். எவ்வளவு கட்டணம், யாரிடம் கடன், எப்போது அடைப்பது என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அவன் சேர்ந்த தனியார் நிறுவனத்தின் சான்றிதழுக்கு அங்கீகாரம் இல்லை. ஆகவே வங்கி கடன் தர மறுத்தது. தந்தை வெளியில் வட்டிக்கு வாங்கினார். இன்று அவன் திருமணங்களைப் படம் பிடிக்கும் தொழிலில் நல்ல பெயரோடு இருக்கிறான். ஆனால் அந்தக் கடன் தீரப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவனுடைய தங்கையின் படிப்பு பள்ளியோடு நின்றுபோயிற்று. கணக்கு வாத்தியாராக இருந்தும் கணக்குப் பார்க்காமல் யோசனை சொன்னேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகையால் இம்முறை, “அம்மா, காகிதமும் எழுதுகோலும் எடு, முதலில் கணக்கைப் போடுவோம்” என்றேன். அந்தக் கணக்கை நீங்களும் என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

மூன்றாண்டுப் படிப்பு, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 2 லட்சம் ரூபாய் கடன், வட்டி நூற்றுக்கு 10 என்று கொள்வோம். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில், படிக்கும் காலத்திலும் அதன் பின் ஓர் ஆண்டிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தவணை உறங்கினாலும் வட்டி உறங்குவதில்லை. முதல் 2 லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 80,000 ரூபாய்; இரண்டாவதற்கு மூன்று ஆண்டு வட்டி 60,000; மூன்றாவதற்கு இரண்டு ஆண்டு வட்டி 40,000. தனி வட்டியாகக் கணக்கிட்டாலே 1,80,000 ரூபாய் சேர்ந்துவிடுகிறது. வாங்கியது 6 லட்சம். தவணை தொடங்கும் நாளில் நிற்பது 7,80,000.

இதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதந்தோறும் ஏறத்தாழ 10,300 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். தவணையைக் குறைக்கப் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 8,400 ரூபாய். ஆனால் மொத்தம் பதினைந்து லட்சத்தைத் தாண்டிவிடும். தவணை சிறியது என்பதால் கடன் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது.

இனி வருவாயின் பக்கம் வருவோம். மருத்துவம் செய்யப் பட்டம் வேண்டும். வழக்காடவும் பட்டம் வேண்டும். திரைப்படம் எடுக்க எந்தச் சட்டமும் பட்டம் கேட்பதில்லை. மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்த பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். மணிரத்னமோ வணிக மேலாண்மை படித்தவர். இருவரும் தமிழ்ப் படவுலகில் பெரும்பெயர் பெற்றனர். ஆகவே இப்படிப்பு பயனற்றது என்பதன்று. கருவிகளைக் கையாளும் பயிற்சியும், நல்ல படங்களைப் பார்த்து ஆராயும் பழக்கமும், உடன் பயிலும் தோழர்களும் அங்கே கிடைப்பார்கள். வேலைக்கான உறுதிச்சீட்டு மட்டும் கிடைக்காது.

மேலும், இத்தொழிலில் தொடக்க ஆண்டுகளின் வருவாய் ஒழுங்கானதன்று. உதவி இயக்குநருக்குப் படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் படி கிடைக்கும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை கை வறண்டிருக்கும். படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, வரைகலை போன்ற கைத்தொழில் சார்ந்த பிரிவுகளில் தொலைக்காட்சி, விளம்பரம், நிகழ்ச்சிப் பதிவு என்று வேறு வாயில்களும் திறந்திருக்கின்றன. இயக்கம் என்பதே மிக நீண்ட பாதை. கடன் தவணை மாதந்தோறும் வரும். படம் மாதந்தோறும் வராது. இடர்ப்பாடு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் சென்றால் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. கேரளத்தின் அடூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் அங்குள்ள கிராமியக் கல்வி நிறுவனத்தில் பொருளாதாரமும் அரசியலும் பொது நிர்வாகமும் படித்து 1961-இல் பட்டம் பெற்றார். பிறகு அரசுப் பணியிலும் அமர்ந்தார். 1962-இல் அப்பணியை விட்டுவிட்டுப் புனேக்குச் சென்று திரைக்கதையும் இயக்கமும் பயின்றார். அவர்தாம் அடூர் கோபாலகிருஷ்ணன்.

அவர் வரலாற்றில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, கையில் ஒரு பட்டம் இருந்தபின்னரே அவர் அந்தத் துறையில் இறங்கினார். இரண்டாவது, இந்திய அரசின் உதவித்தொகை பெற்றுப் படித்தார். மூன்றாவது, படிப்பை முடித்தது 1965-இல். முதற்படமாகிய ‘சுயம்வரம்’ வெளிவந்தது 1972-இல். இடையில் ஏழு ஆண்டுகள்! அக்காலத்தில் அவர் சோம்பியிருக்கவில்லை. நண்பர்களோடு சித்ரலேகா திரைப்படச் சங்கத்தை அமைத்தார். கூட்டுறவு முறையில் படத் தயாரிப்புக்கு வழி கோலினார். குறும்படங்களும் ஆவணப்படங்களும் எடுத்தார். பிற்காலத்தில் 2004-ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகிப் பால்கே விருது அவரை வந்தடைந்தது. அந்த ஏழு ஆண்டுகளிலும் மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஈடான தவணை ஒன்று அவர் தலைமேல் இருந்திருந்தால், அந்தப் பொறுமை அவருக்கு வாய்த்திருக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே திரைப்படக் கல்வியை நாடுவோர் சேருமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பேன். ஒன்று: அரசு நிறுவனத்தில் இடம் தேடினோமா? 1945-இல் மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாகத் தோன்றி, இன்று எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கித் தரமணியில் நடக்கும் நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. புனேயில் 1960-இலும், கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் 1995-இலும் மத்திய அரசு நிறுவனங்கள் தோன்றின. இடங்கள் சிலவே, ஆயினும் முயலாமல் விடலாகாது. இரண்டு: சான்றிதழுக்கு முறையான அங்கீகாரம் உண்டா? மூன்று: முன்பு படித்து வெளியேறியவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? விளம்பரத்தாளில் அச்சிட்ட இரண்டு முகங்களை நம்பாமல், அந்த வகுப்பில் படித்த பத்துப் பேரையாவது விசாரிக்க வேண்டும். நான்கு: இரண்டு ஆண்டுகள் வருவாயே இல்லாவிட்டால் தவணையை யார் கட்டுவது?

கடைசிக் கேள்வியே முதன்மையானது. கல்விக் கடனில் மாணவரோடு பெற்றோரும் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார்கள். ஏழரை லட்சம் வரையுள்ள கடனுக்கு அரசின் உத்தரவாத நிதியம் இருப்பதால் ஈடு கேட்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த உத்தரவாதம் வங்கியின் நட்டத்தைத்தான் தாங்குகிறது. அது நம் கடனைத் தள்ளுபடி செய்வதன்று.

அந்தப் பெண் கணக்கை முடித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “ஐயா, என் தம்பி எட்டாவது படிக்கிறான். தோட்டம் அவனுக்கும் உரியதுதானே!” என்றாள். நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

தரமணி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள், இடம் கிடைக்கவில்லை. இப்போது குறைந்த கட்டணத்தில் ஒரு கலைக் கல்லூரியில் படித்து வருகிறாள். விடுமுறை நாட்களில், நான் முன்பு சொன்ன அந்தப் பழைய மாணவனிடம் படத்தொகுப்புக் கற்றுக்கொள்கிறாள். பட்டம் பெற்றதும் புனேக்கோ கொல்கத்தாவுக்கோ நுழைவுத் தேர்வு எழுதுவதாக எண்ணம். அவள் வெல்வாளா என்பதை நான் அறியேன். ஆனால் தோட்டம் ஈட்டுக்குப் போகவில்லை. அவள் ஆசையும் போகவில்லை.

ஆசையைக் கைவிடுங்கள் என்று சொல்வதற்காக நான் இங்கு வரவில்லை. ஆசைக்கு நீண்ட ஆயுள் வேண்டும். அந்த ஆயுளைக் கடன் குறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.