இத்தா இருக்கும் வீட்டை விற்கலாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீடு எழும்பும் விதத்தை அறிந்தவர்க்கே, அது விற்கப்படும்போது எழும் வழக்கின் சிக்கல் விளங்கும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என முல்லைப் பெரியாற்று நீரால் வாழும் இவ்வூர்களில், வீட்டுக்கான பணம் ஒரே கையிலிருந்து வருவது அரிது. மனை தகப்பனார் கொடுத்ததாக இருக்கும். மலைமேலுள்ள ஏலத்தோட்டத்தின் நல்ல வருடம் ஒன்றில் அஸ்திவாரம் விழும். வளைகுடாச் சம்பளத்தில் சுவர் எழும். ஏலக்காய் விலை இறங்கிய ஆண்டில் வேலை நின்றுபோக, மணப்பெண் கொண்டுவந்த நகை அடகுக்குச் சென்று, மீளாமலே முழுகிப் போகும். முடிவில் பட்டாவும் பத்திரமும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ நிற்கும். இல்லறம் நிலைத்திருக்கும்வரை யாரும் கணக்குக் கேட்பதில்லை. தலாக் அல்லது குலஃ என்று பேச்சு எழுந்ததும், பலவேளை அத்துடன் வருவது வீட்டை விற்கும் யோசனையாகும்.

அப்போது ஜமாஅத்தில் வைக்கப்படும் வாதம் எளியது. இஸ்லாத்தில் கணவன் சொத்து வேறு, மனைவி சொத்து வேறு. ஆகவே பத்திரம் யார் பெயரிலோ அவருக்கே வீடு, அவர் விருப்பம்போல் விற்கலாம் என்பர். இவ்வாதத்தின் முற்பகுதி முற்றிலும் சரி. அதிலிருந்து பிற்பகுதியை வருவிப்பதுதான் தவறு. ஒரு வீட்டில் உடைமை ஒன்று, குடியிருக்கும் உரிமை மற்றொன்று, அதில் போடப்பட்ட பணத்தின் கடன் இன்னொன்று. மூன்றையும் நம் ஃபுகஹாக்கள் தனித்தனியே ஆராய்ந்துள்ளனர்.

குடியிருக்கும் உரிமையை முதலில் எடுத்துக்கொள்வோம். அத்தலாக் அத்தியாயத்தின் முதல் வசனம், இத்தா முடியும்வரை மனைவியரை வீட்டிலிருந்து வெளியேற்றலாகாது எனத் தடுக்கிறது. அவர்களும் வெளியேறலாகாது என்கிறது. அவ்வீட்டை அல்லாஹ் 'அவர்களுடைய வீடுகள்' என்றே குறிப்பிடுகின்றான் என்பது கருதத்தக்கது. உடைமை கணவனுடையதாக இருந்தும், குடியிருப்பதை முன்னிட்டு வீடு அவளோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றது என விரிவுரையாளர்கள் விளக்குவர். மீட்க இயலாத தலாக்கில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபி மத்ஹபில் இத்தாக் காலத்துக்கு உறைவிடமும் ஜீவனாம்சமும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் உறைவிடம் உண்டு. கர்ப்பமாக இருந்தாலன்றி ஜீவனாம்சம் இல்லை. ஹன்பலி மத்ஹபினர் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அறிவிப்பைக் கொண்டு இரண்டும் இல்லை என்றனர். அவ்வறிவிப்பை உமர் (ரலி) ஏற்கவில்லை என்பது பிரசித்தமானது. நம் பள்ளத்தாக்கின் ராவுத்தர் சமூகத்தாரும், கடற்கரை மரைக்காயர்களும் பின்பற்றும் இரு மத்ஹபுகளிலும் உறைவிட உரிமை மறுக்கப்படவில்லை.

அவ்வாறாயின், அவள் இத்தா இருக்கையில் வீட்டை விற்றால் விற்பனை செல்லுமா? இக்கேள்வியை நேராக எடுத்துப் பேசுபவர் இமாம் நவவி (ரஹ்). ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த அவர்களது 'மின்ஹாஜ்' நூலின் இத்தா பாடத்தில் இது ஓரிரு வரியில் வருகிறது. வகுப்பில் அவ்வரியை மாணவர் வேகமாக வாசித்துக் கடந்துவிடுவர்; வீடு விற்கும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை! வீடு கணவனுடையது, அவளுக்குத் தகுந்தது எனில், அதுவே அவள் இத்தா இருக்கும் இடமாக உறுதியாகிறது. அதை விற்பது செல்லாது என்பது சட்டம். மாதக் கணக்கில் இத்தா இருப்பவளின் வீடு மட்டும் விலக்கு. அது வாடகைக்கு விடப்பட்ட வீட்டை விற்பது போன்றதாகும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் நுட்பமானது. மூன்று மாதம் என்றால் வாங்குபவருக்குக் காத்திருக்கும் காலம் தெரியும். மாதவிடாய்ச் சுழற்சியைக் கொண்டோ பிரசவத்தைக் கொண்டோ முடியும் இத்தாவின் முடிவு நாள் முன்கூட்டியே தெரியாது. அறியாத காலத்துக்குப் பயன் விலக்கப்பட்ட பொருளை விற்க முடியாது. அவளது உரிமை வெறும் அனுதாபமாக இருந்திருப்பின், விற்பனையையே தடுக்கும் வலிமை அதற்கு வந்திராது.

அடுத்தது நகை. இதற்கு ஹனஃபி ஃபிக்ஹில் ஹஸ்கஃபீ (ரஹ்) அவர்களின் 'துர்ருல் முக்தார்' வழிகாட்டுகிறது. மனைவியின் வீட்டில் கணவன் தன் பணத்தால் கட்டடம் எழுப்பினால் என்ன சட்டம் என்று அந்நூல் ஆராய்கிறது. அவளுடைய அனுமதியோடு கட்டினால் கட்டடம் அவளுக்கு. செலவு அவள்மீது கடன். அனுமதியின்றி அவளுக்கென்றே கட்டினால் கட்டடம் அவளுக்கு. செலவு அவனது தர்மம். இங்கு மனைவியின் இடத்தில் கணவனையும் கணவனின் இடத்தில் மனைவியையும் வைத்துப் பார்ப்போம். கணவனின் வீட்டுக்கு, அவன் கேட்டு அல்லது இசைந்து, மனைவியின் நகை போயிருந்தால் அது அவன்மீது கடன் என்பதே பொருத்தமான கியாஸ் என்று கருதுகிறோம். அன்பளிப்பாகக் கொடுத்தாள் என்று வாதிடுபவர் அதை நிரூபிக்க வேண்டும். அவள் இத்தனை ஆண்டு வாய்திறக்கவில்லை என்பது நிரூபணம் ஆகாது. நம் ஊர்களில் எந்த மனைவி கணவனிடம் கடன் பத்திரம் எழுதி வாங்குகிறாள்?

குலஃ நடக்கும்போது இக்கடனும் கரைந்துபோனதாக எண்ணுகின்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கருத்தில் குலஃ நீக்குவது மஹர் போன்ற திருமணம் சார்ந்த உரிமைகளையே; தனியே கொடுத்த கடன் பெயர் குறித்து விட்டுக்கொடுக்கப்பட்டால் ஒழிய நிற்கும். தவறு கணவனிடமாயின் குலஃவுக்கு ஈடு வாங்குவதே வெறுக்கத்தக்கது என 'ஹிதாயா' கூறுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "நகையை மறந்துவிட்டால் குலஃ தருகிறோம்" என்று பேரம் பேசும் பெரியவர்கள் எந்தக் கிதாபைப் பார்த்துப் பேசுகிறார்களோ, நமக்குத் தெரியவில்லை.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே திசையில் நகர்ந்துள்ளது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், உடைமை உரிமை இல்லாவிடினும் மனைவி பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கலாம் என்கிறது. அவ்வீட்டை விற்கவோ வில்லங்கப்படுத்தவோ கூடாது என்று தடை விதிக்கும் அதிகாரத்தையும் மாஜிஸ்திரேட்டுக்கு அளிக்கிறது. வீடு மாமனார் அல்லது மாமியார் பெயரில் இருந்தால் இவ்வுரிமை இல்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்நிலைப்பாட்டை 2020-இல் அதே நீதிமன்றம் மாற்றியது. மாமனார் பெயரில் பட்டா நிற்கும் நம் பகுதிக்கு இம்மாற்றம் முக்கியமானது. 2001-ஆம் ஆண்டின் டேனியல் லத்தீஃபி தீர்ப்போ, இத்தாவுக்குள் கணவன் செய்ய வேண்டிய நியாயமான ஏற்பாட்டில் அவளது எதிர்கால உறைவிடமும் அடங்கும் என்றது. நீதிமன்றத் தலையீட்டை விரும்பாத நம்மவர் பலர் உண்டு. ஜமாஅத்துகள் 'மின்ஹாஜ்' அளவுக்கு நீதி செய்திருந்தால் பெண்கள் நீதிமன்றப் படி ஏறத் தேவை குறைந்திருக்கும்.

2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. கணவர் சவூதியில் உழைக்க மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட ஓர் இந்துத் தம்பதியின் சொத்து வழக்கில், வீட்டுப் பணியும் சொத்துக்கான பங்களிப்பே என ஏற்றுச் சம பங்கு அளித்தது. நம் ஹனஃபி, ஷாஃபிஈ நூல்களில் இதற்கு நேரான சட்டம் இல்லை. ஆனால் மாலிகி மத்ஹபில், 16-ஆம் நூற்றாண்டு மொரோக்கோவின் காழி இப்னு அர்தூன், மலைநாட்டு வயல்களில் உழைத்த மனைவியருக்கு விளைச்சலில் பங்கு உண்டென ஃபத்வா அளித்தார். நாற்று நடும் பெண்களையும் ஏலக்காய் எடுக்கும் பெண்களையும் கொண்ட நம் நாட்டு ஆலிம்கள் அதைப் படித்துப் பார்க்கலாம்.

காயல்பட்டினத்தில் இவ்வழக்கு எழுவது குறைவு. அங்கே வீடு மகளுக்குக் கொடுக்கப்படுகிறது, மணமகன் அங்கு வந்து வாழ்கிறார். பிரிவு நேர்ந்தால் வெளியேறுபவர் அவரே. பள்ளத்தாக்கில் அவ்வழக்கத்தை இன்று கொண்டுவர இயலாது. செய்யக்கூடியது, தலாக்கோ குலஃவோ ஜமாஅத் பதிவேட்டில் ஏறும் அன்றே மூன்று விவரங்களை எழுதிக் கையெழுத்து வாங்குவதாகும்: அவள் இத்தா இருக்கும் வீடு எது, அது முடியும்வரை விற்பதில்லை என்ற ஒப்புதல், வீட்டில் போன நகை எத்தனை பவுன். பிறகு விற்பனை நடந்தால் மஹர் பாக்கியும் அப்பவுனும் முதலில் கழிக்கப்பட்டு, மிச்சமே உரியவருக்குச் சேரும்.