ஒருவரின் கடவுச்சொல், உறவினரின் இழப்பு

ஒரே கடவுச்சொல்லைப் பல இணையக் கணக்குகளுக்குப் பயன்படுத்துவதால் விளையும் இழப்பு அப்படிச் செய்தவரோடு நின்றுவிடுவதில்லை என்பதை, அமெரிக்க மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் 2023ஆம் ஆண்டு நடந்த ஊடுருவல் காட்டியது.

வேறு தளங்களிலிருந்து முன்பே திருடப்பட்டிருந்த மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் ஊடுருவியோர் அங்கே வரிசையாக இட்டுப் பார்த்தனர். சுமார் 14,000 கணக்குகள் திறந்துகொண்டன.

மரபணு ஒற்றுமையைக் கொண்டு உறவினரைக் கண்டறிய உதவும் வசதி அக்கணக்குகளில் இருந்ததால், அவற்றின் வழியே சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. இவர்களில் ஒருவர் எவ்வளவு வலுவான கடவுச்சொல் வைத்திருந்தாலும் அது அவரைக் காத்திருக்காது.

வாடிக்கையாளர்களின் கவனக்குறைவே காரணம் என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. அது பாதி உண்மைதான்: இரண்டு கட்டச் சரிபார்ப்பை நிறுவனம் கட்டாயமாக்கியது ஊடுருவலுக்குப் பின்னரே. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025 ஜூனில் அதற்கு 23.1 லட்சம் பவுண்டுகள் அபராதம் விதித்தது.