கலங்கிப் பிறக்கும் பாகீரதி

தகவல் துளி! உத்தரகண்டின் கோமுகத்தில், கங்கோத்ரி பனியாற்றின் அடியிலிருந்து பாகீரதி ஆறு வெளிவருகிறது. பனி உருகிய தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கும்? ஜூலை, ஆகஸ்டில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் கலங்கி ஓடும். நகரும் பனிப்பாளம் அடிப்பாறையை மாவாக அரைத்துத் தள்ளுவதே காரணம். அந்த மாவிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் கீழே நீர்மின் நிலைய டர்பைன்களையே தேய்த்துவிடும்.

அரைபட்ட பாறையிலுள்ள பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமம், ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலத்தைத் தருகிறது. அந்த அமிலம் பாறையைக் கரைக்க, கால்சியமும் சல்பேட்டும் நீரில் சேருகின்றன. கோடையில் தண்ணீர் பெருகி ஓடுவதால் இந்த உப்புகள் நீர்த்துப்போகும். குளிர்காலத்தில் வண்டல் குறையும்; ஆனால், ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்பு கூடும்.