காசு கொடுத்துத்தான் காவலா?

"தம்பி, ஃபயர்வால் சந்தா முடிஞ்சிடுச்சாம், பணம் கட்டணுமா?" ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். வீடு வீடாகப் போய்க் கணினி பழுது பார்ப்பவன் நான். "வேண்டாம்மா" என்றேன்.

2004இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்து விண்டோஸிலேயே ஃபயர்வால் தானாக இயங்குகிறது. வெளியிலிருந்து அழையாமல் நுழையும் இணைப்புகளைத் தடுக்கும். உள்ளிருந்து வெளியே போவதை, நாம் தனியாக விதி வைக்காதவரை, விட்டுவிடும். அதையும் ஒவ்வொன்றாகக் கேட்டு அனுமதிக்க விரும்புபவருக்குத்தான் தனி மென்பொருள். அதிலும் இலவசமானவை உண்டு. காசு கொடுத்து வாங்கினாலும், ஓடிபியை நாமே சொல்லிவிட்டால் எந்த ஃபயர்வாலும் காப்பாற்றாது.

சந்தா முடிந்த மென்பொருளை நீக்கி, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தேன். அதன் ஃபயர்வால் பகுதியில் காட்டும் மூன்று நெட்வொர்க் வகைகளுக்கும் பச்சைக் குறி. பணம் கட்டுமுன் உங்கள் கணினியிலும் அதைப் பாருங்கள்.